பிள்ளை பெற்ற வீட்டில் முதல் நாற்பது நாள்



1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1990-களின் கடைசியில் மகளிர் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அப்போது குழுவில் சேர்ந்தவர்களில் பலர் கைப்பிள்ளைக்காரிகள். இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடப் பழகியவர்கள். இன்றைக்கு அவர்களே மாமியார், அப்பத்தா, அம்மாச்சி ஆகிவிட்டார்கள். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் நாக்கில் முதலில் என்ன வைப்பது, என்றைக்குக் குளிப்பாட்டுவது, பெற்றவளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்வது பெரும்பாலும் பெற்றவள் இல்லை, இவர்கள்தான். அதனால் இந்த மாதக் கட்டுரை பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மட்டும் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம்? ஒரு வயதுக்குள் இறந்துபோகிற பிள்ளைகளில் பெரும்பகுதி பிறந்த 28 நாளைக்குள் இறக்கிறது. அதிலும் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே. சுகப்பிரசவம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 48 மணி நேரம் வைத்திருந்து, 102 வண்டியில் இலவசமாகவே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அதாவது, அந்த முதல் வாரத்தில் பாதிக்கு மேல் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நம் வீட்டுக்குள்தான் கழிகிறது. அந்த நாட்களில் வீட்டுப் பெண்கள் என்ன பார்க்கிறார்கள், எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதில்தான் பிள்ளையின் உயிர் இருக்கிறது.

சேனையா, சீம்பாலா?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் சேனை வைக்கிற பழக்கம் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணி, தேன், சில வீடுகளில் கழுதைப்பால். "நல்ல குணம் உள்ளவங்க கையால வச்சா பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும்" என்று சொல்வார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் அந்த விரலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகிறது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு வகைக் கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது கை காலைத் தொய்ய வைத்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடும். நல்லவர் ஒருவர் கையால் ஆசீர்வாதம் வேண்டும் என்றால், அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையின் தலையைத் தொட்டுக் கும்பிடட்டும். வாய்க்குள் முதலில் போக வேண்டியது சீம்பால் ஒன்றுதான். அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்.

"மஞ்சளா, பிசுபிசுன்னு இருக்கு, கெட்டுப்போன பால்" என்று பீய்ச்சி வெளியே விடுவதை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். கெட்ட பால் இல்லைங்க அது. பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் தடுப்பு மருந்து. நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் நிறைய இருக்கிறது. குடலில் தேங்கி இருக்கும் கறுப்பு மலத்தை வெளியேற்றுவதும் அதுதான்.

அடுத்த கவலை, "பால் பத்தலை". இதை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம்! முதல் நாளில் பிள்ளையின் இரைப்பை ஒரு கோலிக்குண்டு அளவுதான். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டி போதும். அந்த அளவுக்குத்தான் சீம்பாலும் வரும். மூன்றாவது நாலாவது நாளில் மார்பு கனத்துப் பால் இறங்கும். சிசேரியன் ஆனவளுக்கு ஒரு நாள் கூட ஆகலாம். இந்த இடைப்பட்ட இரண்டு மூன்று நாளில்தான் பயந்துபோய்ப் பால் டப்பா வாங்க ஓடுகிறார்கள். டப்பாப் பாலைக் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் வாய் வைக்காது. சப்பினால்தான் பால் ஊறும், சப்பாவிட்டால் வற்றும். கடைசியில் "நான் அப்பவே சொன்னேன்ல, இவளுக்குப் பால் இல்லைன்னு" என்று முடிந்துவிடும். பால் டப்பா விலை உங்களுக்குத் தெரியும். குழுவில் உள்கடன் வாங்கி டப்பா வாங்கின குடும்பம்கூட உண்டு.

அப்படியானால் பால் பத்துகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளை அழுவதை வைத்துச் சொல்ல முடியாது. நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை ஒண்ணுக்குப் போனால் போதும். ஐந்தாம் நாளில் இருந்து ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் போக வேண்டும். மலமும் கறுப்பில் இருந்து பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறிவிட வேண்டும். எடையும் ஒரு கணக்குத்தான். முதல் சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறையும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2 கிலோ 800 கிராமுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். பத்து நாள், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பவில்லை என்றால்தான் நர்சம்மாவிடம் காட்ட வேண்டும்.

இராப்பகலாக 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டி வரும். சாயங்காலத்தில் பிள்ளை அரை மணிக்கு ஒரு தடவை மார்பைத் தேடும். இதுவும் பால் இல்லாததற்கு அடையாளம் இல்லை. பல பிள்ளைகள் அப்படித்தான். காம்பை மட்டும் சப்பினால் காம்பு புண்ணாகும், பாலும் வராது. காம்பைச் சுற்றி உள்ள கறுப்பு வட்டமும் முக்கால்வாசி வாய்க்குள் போக வேண்டும். பிள்ளையின் தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். சித்திரை வெயிலில்கூடத் தண்ணி வேண்டாம். பாலிலேயே தேவையான தண்ணி இருக்கிறது. கிரைப் வாட்டர், உரைமருந்து, வசம்பு எதையும் உள்ளே கொடுக்க வேண்டாம்.

குளிப்பாட்டுகிற அப்பத்தாவுக்கு

காலை நீட்டி உட்கார்ந்து, காலில் பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கை ஒரு வித்தைதான். அதை விடச் சொல்லவில்லை. இதமாக எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்கு நல்லது. ஆனால் சிலதை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டவே வேண்டாம். பிள்ளை மேல் வெள்ளையாக மாவு மாதிரி இருப்பது அழுக்கு இல்லை. தோலைக் காப்பாற்றுகிற பூச்சு அது, தானாகப் போய்விடும். குளிப்பாட்டும்போது மூக்கில் வாய் வைத்து ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, தொக்கம் எடுப்பது இதெல்லாம் ஆபத்து. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, சிலதுக்குப் பிறந்த கொஞ்ச நாளில் மார்பு வீங்கிப் பால் மாதிரி கசியும். தாயின் உடம்பில் இருந்து வந்த ஹார்மோன்தான் காரணம். அதைப் பிதுக்கினால் சீழ் வைத்துவிடும். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் லேசாக இரத்தம் பட்டாலும் இதே காரணம்தான். தானாக நின்றுவிடும்.

தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்த நிலையில் விட்டால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும். கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள். மையில் ஈயம் கலந்திருக்கலாம். கண்ணு பட்டுவிடும் என்று பயமாக இருந்தால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. சாம்பிராணிப் புகை பெரியவர்களுக்கே இருமலைத் தரும். பிள்ளையை அந்தப் புகையில் காட்டுவது எதற்கு? தலைமுடி துணியால் துடைத்தாலே காய்ந்துவிடும்.

"சாதுவான பிள்ளை"

இதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம்.

ஒரு குழு உறுப்பினரின் மருமகளுக்குப் பிறந்த பிள்ளை எட்டு நாள் வரை நன்றாகப் பால் குடித்தது. ஒன்பதாம் நாள் காலையில் இருந்து தூக்கமாகவே இருந்தது. எழுப்பினாலும் இரண்டு வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், "அழுகையே இல்லை, சாதுவான பிள்ளை" என்று. சேமிப்புப் பணம் வாங்க அந்த வீட்டுக்குப் போன ஊக்குநருக்கு மட்டும் சந்தேகம். "காலைல இருந்து எத்தனை துணி நனைச்சான்?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுதான் என்றதும் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஜில்லென்று இருந்தது. உடனே 108-க்குப் போன் செய்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்து ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு இராத்திரி பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

பெரியவர்களுக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடிக்கும், முனகுவார்கள். பச்சைப் பிள்ளைக்கு அப்படி இருக்காது. பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் துவண்டு போகும். அதனால் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிக்காமல் போனால் அதையே பெரிய நோயாக எடுத்துக்கொள்ளுங்கள். புறங்கையால் பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தால், தாயின் மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும். இரண்டும் ஜில்லென்று இருந்தால் போகும் வழியெல்லாம் அப்படி அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உடம்பு கொதித்தாலும் அதேதான். காய்ச்சல் மருந்தை வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. மஞ்சள் காமாலை பல பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் வந்து இரண்டு வாரத்தில் போய்விடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும் காலை வெயிலில் காட்டுவது போதாது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டும். விட்டால் மூளையைப் பாதிக்கும். "செவ்வாப்பு, மந்திரிச்சாப் போயிரும்" என்று காத்திருக்காதீர்கள். மந்திரிக்கத்தான் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு மந்திரித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்த நர்ஸ்தான் கண்டுபிடிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்ற காட்டுப்பகுதி மாவட்டத்தில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 1990-களில் கிராமத்துப் பெண்களுக்கே இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூன்றே வருடத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு, பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேல் குறைந்தது. 2011-ல் தேசிய அளவில் வந்த வீடு தேடிப் பார்க்கும் திட்டம் இதன் வழியில் வந்ததுதான். அதன்படி பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் கிராம சுகாதார செவிலியரோ, மலைக்கிராமமாக இருந்து ஆஷா இருந்தால் அவரோ வந்தாரா என்று கேளுங்கள். தாய்வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ஊர் செவிலியருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஊர் மாறினால்தான் பல பிள்ளைகள் கணக்கில் விட்டுப்போகின்றன.

இரண்டரைக் கிலோவுக்குக் கீழே எடை இருந்தால் தாயின் வெறும் மார்பில் பிள்ளையை நிமிர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். கங்காரு முறை என்று இதைச் சொல்கிறார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், சூடேற்றும் பெட்டி போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. பெட்டிக்குப் பதிலாகத் தாயின் உடம்புச் சூடு. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. தாய்க்கு அலுப்பாக இருந்தால் அப்பாவோ அம்மாச்சியோ கட்டிக்கொள்ளலாம். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். சப்பத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்த பாலாடையில் கொடுங்கள். பாட்டில் வேண்டாம்.

பெற்றவளுக்குத் தண்ணி கொடுங்கள்

பத்தியம் என்ற பேரில் நாங்கள் பார்த்ததிலேயே கஷ்டமானது தண்ணி கொடுக்காமல் இருப்பதுதான். "தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வயிறு தள்ளும்" என்று வைகாசி வெயிலில் அரை டம்ளர் சுடுதண்ணி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். பால் எதிலிருந்து ஊறும்? தண்ணி இல்லாவிட்டால் நீர்க்கடுப்பு வரும், மலச்சிக்கல் வந்து தையல் போட்ட இடம் வலிக்கும். தாகம் எடுக்கும்போதெல்லாம் ஆற வைத்த தண்ணி குடிக்கட்டும். காயம், பூண்டுக் குழம்பு, கருவாடு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். அதோடு கீரை, பருப்பு, முட்டை, பழம் எதையும் நிறுத்தாதீர்கள். பால் கொடுப்பவளுக்கு மற்ற நாளைவிட ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகவே வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய நாப்கின் முழுக்க நனைகிற அளவு இரத்தம் போனாலோ, காய்ச்சல், கெட்ட வாடை, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலி என்று எது வந்தாலும் 108. பிரசவம் முடிந்துவிட்டால் ஆபத்து முடிந்துவிட்டது என்று இல்லை. இரத்தக் கொதிப்பு ஆறு வாரம் வரைகூட வரலாம்.

மனசைப் பற்றிக் கொஞ்சம். மூன்றாம் நாளில் இருந்து காரணம் இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். அதற்கு மேலும் தெளியாமல், பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் அது நோய். நம் நாட்டில் ஐந்தில் ஒரு தாய்க்கு வருகிறது. "பேய் பிடிச்சிருக்கு", "திமிரு" என்று சொல்லிவிடாதீர்கள். அதிலும் இரண்டாவதும் பெண் பிள்ளையாகி, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் இது வராமல் எப்படி இருக்கும்? ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு என்பதைக் கொழுந்தன், மாமனார் காதில் விழும்படியே சொல்லலாம். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

குழு என்ன செய்யலாம்?

சில குழுக்கள் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்கின்றன. பிள்ளை பெற்ற உறுப்பினர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் இல்லை. சேமிப்பை வீட்டில் போய் வாங்கிக்கொள்வது. கடன் தவணை இருந்தால் அந்த மாதங்களுக்கு வட்டி மட்டும் வாங்குவது. எல்லாக் குழுக்களும் இதைச் செய்யலாம். வேறொரு விஷயமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் பணமாகத் தாயின் வங்கிக் கணக்கில் தவணையாக வருகிறது. அந்தப் பணம் வந்த அன்றே "பழைய பாக்கியைக் கட்டு" என்று யாரும் போய் நிற்க வேண்டாம். அது அவள் சாப்பாட்டுக்கு.

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், முத்தம் வேண்டாம். போனால் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், இரண்டு குடம் தண்ணி எடுத்து வைத்து, பிள்ளைத் துணியை அலசி வெயிலில் போட்டுவிட்டு வாருங்கள். அவள் ஒரு மணி நேரம் தூங்கட்டும். இராத்திரி முழுக்க விழித்தவளுக்கு அதுதான் வேண்டும். கணவன்மார்கள் இராத்திரியில் துணி மாற்றலாம், அதற்குப் பத்தியம் எதுவும் இல்லை.

பிறப்புப் பதிவை 21 நாளைக்குள் இலவசமாகச் செய்யலாம். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கேயே பதிவார்கள், தாய் தகப்பன் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் மற்றதற்கும் இந்தச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். பிறந்த உடனே போடும் மூன்று தடுப்பு மருந்துகளும் (காசநோய், போலியோ, மஞ்சள் காமாலை) அட்டையில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஊசி ஒன்றரை மாதத்தில். அன்றைக்கு லேசாகக் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றியும் அதே நாளில் நர்சம்மாவிடம் கேட்டுவிடலாம்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைத்திருக்கிறோம். பிள்ளையின் மூச்சை எண்ணுவது, பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது, கங்காரு முறையில் கட்டுவது இந்த மூன்றையும் பொம்மையை வைத்துச் செய்து காட்டுவார். ஒவ்வொரு குழுவிலும் இப்போது மாசமாக இருக்கிறவர்கள், பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி ஊக்குநர் கையில் கொடுத்து அனுப்புங்கள். கூட்டத்துக்கு அவர்களோடு சேர்த்து மாமியாரையும் கூட்டி வாருங்கள்.